உப்பு அரித்த கால்

புருசன் றுமைஸின் முழங்காலிலிருந்து எடுத்த நீர் அரிசி கழுவிய தண்ணீரைப் போலக் கலங்கியிருந்தது. அந்த இரண்டு சிறு போத்தல்களையும் முந்தானைக்குள் பொத்திப் பிடித்தபடி, கமீலா ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தின் யன்னலடியில் நின்றாள். டொக்டர் சொன்னது நெஞ்சுக்குள் இடித்துக்கொண்டேயிருந்தது. வாதம் என்றால் மூட்டுக்குள் ஓர் ஊசி, நாளைக்கு வீடு. கிருமி என்றால் இன்றைக்கே மூட்டைத் திறந்து கழுவ வேண்டும், பிந்தினால் கால் மடங்காது. மடங்காத காலோடு பாலாவி உப்பளத்தில் யார் உப்பு வாருவது? அந்த மனுசனுக்கு வேறு வேலையும் தெரியாது, சும்மா இருக்கவும் தெரியாது.

போத்தல்களை வாங்கிய ஆய்வுகூடத்து மாக்கிறட் மிஸ் லேசில் சிரிக்கிற ஆளில்லை. பெயரை இரண்டு தரம் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் குனிந்தாள். கொஞ்ச நேரத்தில் டொக்டரும் வந்து பார்த்தார்.

"மூட்டுக்குள்ள ஊசி ஊசியாப் பளிங்கு படிஞ்சிருக்கு. வாதம்தான், பயப்படாதீங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்ற கமீலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாக்கிறட் மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. "சேர், மற்றப் போத்தலையும் நிறமேத்தி, கிருமி இருக்கா எண்டு பாக்கிறன். அதுவரைக்கும் ஊசியைப் போடாதீங்க."

"சரி, அரை மணித்தியாலம்," என்று டொக்டர் போய்விட்டார். கிடைத்த நல்ல சேதியைப் பிடுங்கப் பார்க்கிறாளே என்று கமீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவருக்குக் கால்ல புண் ஏதும் இருந்ததா?"

"இல்ல மிஸ். டொக்டரும் கேட்டார், இல்லண்டுதான் சென்னன்."

"என்ன தொழில்?"

"உப்பு வாய்க்கால்ல. ரெண்டு பேரும்தான்."

மாக்கிறட் எழுந்து வந்து, யன்னலால் எட்டிக் கமீலாவின் பாதங்களைப் பார்த்தாள். வெடித்த குதிகால். விரலிடுக்கில் சிவந்த பள்ளங்கள்.

"அப்ப இது?"

"இது புண்ணில்ல மிஸ். உப்பு அரிச்சது. எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இருக்கிறதுதான். அவருக்கு இன்னும் கூட. போன கிழம சீழும் வந்திச்சு."

மாக்கிறட் ஏசவில்லை. திரும்பிப் போய் ஊதா நிறத்தை ஊற்றினாள், கழுவினாள், காயவைத்தாள், மறுபடி குனிந்தாள். பக்கத்தில் தேத்தண்ணி ஆறிப்போனது. கண்ணாடித் துண்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். அடிச்சேறு கலங்காமல் உப்பை வாரும்போது றுமைஸின் கை இப்படித்தான் போகும். அந்தக் கையைக் கமீலா கலியாணம் முடித்த நாளிலிருந்து மெச்சி வருகிறாள். கோபம் எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

மாக்கிறட் போனை எடுத்தாள். "சேர், ஊசி வேணாம். கிருமி இருக்கு. கொஞ்சம்தான், ஆனா கொத்தா இருக்கு. ஓம் சேர், வாதமும் கிருமியும் ரெண்டும் சேர்ந்துதான்."

பிறகு யன்னலடிக்கு வந்தாள். "நேரத்தோட கண்டிட்டம், தங்கச்சி. இனி கழுவுவினம்."

சற்று நேரத்தில் றுமைஸைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். போர்வைக்கு வெளியே அவன் பாதங்கள் தெரிந்தன. வெடிப்புகளில் இன்னும் உப்பின் வெள்ளை படிந்திருந்தது.

ஒப்பரேஷன் தியேட்டர் கதவு சாத்தப்பட்டது. கமீலா வாங்கில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கத் தொடங்கினாள்.