இடது மூலை

தலைமாட்டில் கூரையிலிருந்து விழும் மழைச் சொட்டு, செத்துக் கிடக்கும் புருஷன் தோகுஜியின் நெற்றியில் தெறித்துவிடாமல் இருக்க, யாசுயோ தண்ணீர் பிடிக்கும் பேசினை ஒரு சாண் நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சொட்டும் இடம் மாறி விழுந்தது. மறுபடி நகர்த்தினாள். செத்தவரை முறைப்படி வடக்கே தலை வைத்துப் படுக்கப்போட அந்த வீட்டில் இந்த ஓர் அறைதான் உண்டு. முகத்தில் வெள்ளைத் துணி, நெஞ்சின்மேல் காவலுக்கு உறையோடு சின்னக் கத்தி, பக்கத்தில் சாப்பிடும் குச்சி குத்திட்டு நிற்கும் சோற்றுக் கிண்ணம். வயிற்றின்மேல் வைத்திருந்த உலர் ஐஸ் கட்டி மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

"பொணத்துக்குச் சளி புடிக்காதுடி. விட்டுத் தள்ளு" என்றாள் அடுத்த வீட்டு உமே. சாயங்காலம் வருகிறவர்களுக்குச் சமைக்க, அடுப்படியில் உட்கார்ந்து சேப்பங்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"அவருக்கில்லக்கா. பாய் ஊறிப் போயிரும்."

உமே அடுத்த கிழங்கை எடுத்தாள். அவள் வீட்டிலும் ஒழுகல்தான்.

புயலடித்த அன்று இந்தக் கூரையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. முகட்டில் ரெண்டு ஓடு நகர்ந்தது, அவ்வளவுதான். பத்து நாள் கழித்து சகுமா என்று ஒருத்தன் வந்தான். பக்கத்துத் தெருவில் வேலை பார்க்கிறோம், கீழேயிருந்து பார்த்தால் உங்க ஓடு தூக்கிக்கொண்டு நிற்கிறது, சும்மா ஏறிப் பார்த்துச் சொல்கிறேன், இன்சூரன்ஸிலேயே எல்லாம் ஆகிவிடும் என்று ஏணியைச் சாத்தினான். யாசுயோ அப்போது மீன் காயவைக்கும் கொட்டகையில் வேலைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கூரைமேல் நீலத் தார்ப்பாய் விரித்து மணல் மூட்டை வைத்திருந்தது. அடுத்த மழைக்கே அறையில் சொட்டியது.

அவன்தான் உடைத்திருக்கிறான் என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ரெண்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை. காரணம், தோகுஜியும் அன்று கூட ஏறியிருந்தான். அதோடு நிற்கவில்லை. முட்டி தேய்ந்து வேலையை விட்டு ஆறு வருஷம் வீட்டோடு கிடந்தவன், சகுமாவின் வண்டியில் ஏறிக்கொண்டு தெருத்தெருவாகப் போனான். நாற்பது வருஷம் இந்த ஊருக்கு ஓடு வேய்ந்தவன் கூட வருகிறான் என்றுதான் உமே உட்பட எல்லோரும் கதவைத் திறந்தார்கள். ஏமாந்த மனுஷன், ஓநாய்க்கு வழி காட்டிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நேற்று விடியற்காலையில் தோகுஜி ஏணியடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் ரெண்டு ஓடு. டாக்டர் வந்து பார்த்து, நெஞ்சு நின்றுவிட்டது, விழவில்லை என்றார்.

"அக்கா, நேத்துக் காலையில தார்ப்பாயோட தெக்கு முனை அவுந்து கெடந்துச்சு. கவனிச்சீங்களா? காத்தே இல்ல."

"அந்தப் பயதான் வந்து அவுத்திருப்பான். இன்சூரன்ஸ்காரன் வரும்போது நல்லா ஒழுகணும்ல? இவர் பாத்துட்டுக் கத்தியிருப்பாரு. அதுல நெஞ்சு..." உமே கத்தியைக் கிழங்கில் குத்தியபடி நிறுத்தினாள். "அவன் மூஞ்சியப் பாரேன். வெண்ணெய் தடவுன மாதிரி."

வெண்ணெய் முகம் பத்து மணிக்கு வந்தது. கறுப்பு டை, கையில் ஜெபமாலை. ஊதுபத்தி ஏற்றினான், தலை குனிந்து வெகுநேரம் இருந்தான், கண்ணைத் துடைத்தான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். வந்தவர்கள் பேர் எழுதும் புத்தகத்தில் பேரை எழுதினான். வலது கையால், அழகான எழுத்து.

"அம்மா, இந்த நேரத்துல கேக்கவே கூடாது. என் தலையெழுத்து. நாளன்னைக்கு இன்சூரன்ஸ்காரர் வர்றாரு. கையெழுத்துக்கு அய்யாவோட முத்திரை மட்டும் இந்தத் தாள்ல விழணும். அய்யாவே வெக்கிறேன்னுதான் இருந்தாரு, பாவம்."

"தாளைக் காட்டு தம்பி."

"நீங்க எதுக்கும்மா செரமப்பட்டுக்கிட்டு. நான் படிச்சுச் சொல்றேன்."

"எனக்கு எழுத்து வராது. படம் பாக்க வரும்ல?"

அவன் தயங்கித்தான் கொடுத்தான். ஏழு ஓடுகளின் படம். அந்தக் கூரையைப் புருஷனும் பெண்டாட்டியுமாக அவர்களே வேய்ந்தார்கள். முப்பது வருஷம் அவனுக்கு ஓடு எடுத்துக்கொடுத்தவள் அவள். காற்று எங்கே கையை நுழைக்கும் என்று அவளுக்குத் தெரியும். முகட்டில் நுழைக்கும், இறவாரத்தில் நுழைக்கும். கூரையின் நடு முதுகில், ஆள் குத்தவைக்க வசதியான இடத்தில், கைக்கெட்டும் தூரத்துக்கு ஒன்றாகக் காற்று உடைக்காது. சுத்தியல்தான் உடைக்கும்.

பார்த்தியா, நான் நினைத்தது சரி என்று நிமிரப் போனவள் மறுபடி குனிந்தாள்.

ஏழு ஓட்டிலும் அடி இடது மூலையில் விழுந்திருந்தது.

கூரையில் குந்தியிருக்கிறவன் சுத்தியல் பிடிக்கும் கைப்பக்கத்து மூலையில்தான் அடிப்பான். வலதுகைக்காரன் வலது மூலையில். தோகுஜி இடதுகைக்காரன். அவன் முழங்கை இடிக்காமலிருக்க முப்பது வருஷமும் அவள் அவனுக்கு வலப்பக்கமே நின்றிருக்கிறாள்.

தாளைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் உமே வீட்டுக் கூரை. இடது மூலை. இடது மூலை.

"புயல் இப்பிடித்தான் அடிக்குமா தம்பி?"

"புயலுக்கு ஏதும்மா மொறை?"

"முத்திரைய எங்க வெச்சாரோ. தேடணும்."

"தேடுங்கம்மா. சாயங்காலம் வரைக்கும்கூட இருக்கேன்."

வெளியே மழை விட்டிருந்தது. யாசுயோ பின்வாசலுக்குப் போய், பழைய வேலைச் செருப்பைத் துக்க உடுப்போடேயே மாட்டிக்கொண்டாள். உமே எட்டிப் பார்த்தாள்.

"எங்கடி போற? புத்தி கலங்கிருச்சா?"

"தார்ப்பாயைக் கட்டிட்டு வந்துர்றேன். சவப்பெட்டி வர்ற நேரத்துக்கு மறுபடி மழை புடிச்சுக்கும் போல."

ஏணி தோகுஜி சாத்திவைத்தபடியே இருந்தது. மேலே போய் அவிழ்ந்து கிடந்த முனையைத் தூக்கிச் சுருட்டினாள். பாசி படிந்து கறுத்த ஓடுகளுக்கு நடுவே நாலு ஓடு மட்டும் கழுவிய முகம்போல் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மிச்சம் அடுக்கி வைத்திருந்த ஓடுகள் அவை. மூன்று இன்னும் உடைந்தபடி. பக்கத்தில் அவனுடைய சுத்தியல், மர ஆப்பு, உடைந்த சில்லுகளை அள்ளிப்போட்ட அரிசிச் சாக்கு.

மடியில் ரெண்டு ஓட்டோடு உட்கார்ந்திருந்தானே.

எதற்கு உடைத்தாய், எப்போது மனசு மாறியது என்று கேட்க ஆளில்லை. அவள் சுத்தியலை ஓரமாக நகர்த்தி வைத்தாள். அப்புறம் இறங்கினாள். அவன் மடியிலிருந்து எடுத்துச் சுவரோரம் வைத்திருந்த ரெண்டு ஓட்டையும், அடுக்கிலிருந்து இன்னொன்றையும் தோளில் வைத்துக்கொண்டு ஏறினாள். மேல் ஓட்டை ஆப்பால் நெம்பி, உடைந்ததை உருவி, புதுசைச் செருகினாள். கை மறக்கவில்லை. இடப்பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டுவிட்டு, வலப்பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தே அவள் வேலை செய்தாள். அது அவளுக்கே தெரியவில்லை.

"அம்மா! என்ன பண்றீங்க? படம் எடுத்த எடத்தத் தொடவே கூடாது!" சகுமா கீழே நின்று கத்தினான்.

"ஒழுகுது தம்பி. செத்தவர் மேல சொட்டுது."

அவன் சுற்றுமுற்றும் பார்த்து ஏணியில் நாலு படி ஏறி வந்தான். குரல் இறங்கியது. "வேண்டாம்மா. நாளைக்கு யார் ஒடச்சதுன்னு கேட்டா நான் யார் பேரைச் சொல்றது? அய்யா பேர் இந்த ஊர்ல எப்பிடி இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். சாவு வீட்டுல அதக் கெடுத்துக்காதீங்க."

யாசுயோ கடைசி ஓட்டை உள்ளங்கையால் தட்டி உட்காரவைத்தாள். "ஏணிய விட்டு எறங்கு. நான் எறங்கணும்."

அவள் தார்ப்பாயை மடித்துக் கீழே போட்டாள். சாக்கையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்தபோது, உமே அடுப்படி வாசலில் கத்தியும் கையுமாக நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ.

"அக்கா, உங்க கூரையையும் பாக்கணும். எரிச்சு முடிச்சு மறுநாள் ஏறுறேன். ஓடு எங்கிட்ட இருக்கு."

"ஏன்? இந்தப் பய அங்கயும் அடிச்சிட்டானா?"

யாசுயோ சாக்கைச் சுவரோரம் இறக்கி வைத்தாள். உமே சகுமாவைப் பார்த்தாள். அப்புறம் யாசுயோவின் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தாள். அதன் பிடி, இடது கைப் பெருவிரல் அழுந்தி அழுந்தி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. தெருவில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது.

"கெழங்கு அடி புடிச்சுரும்" என்று சொல்லிவிட்டு உமே உள்ளே போனாள்.

மூன்று மணிக்குப் பெட்டி வந்தது. தோகுஜியை உள்ளே கிடத்தினார்கள். பெட்டிக்காரர் வெள்ளைக் கையுறையைச் சரிசெய்துகொண்டு, "கூட அனுப்புறதுக்கு ஏதாவது இருந்தா வைக்கலாம்மா" என்றார்.

யாசுயோ சுத்தியலை நீட்டினாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. இரும்பு ஆகாது. சுடுகாட்டுல ஒத்துக்க மாட்டாங்க. கண்ணாடியும் கூடாது, ஓட்டுச் சில்லுகூடக் கூடாது. எரியிற பொருளா இருக்கணும்."

அவள் சுத்தியலைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அலமாரி இழுப்பறையிலிருந்து துணிப்பையை எடுத்துப் பிரித்தாள். விரலளவு முத்திரைக் கட்டை.

"இது?"

"மரந்தானே?"

"மரந்தான்."

"அப்ப வைக்கலாம்."

விறைத்த இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, முத்திரையை உள்ளே வைத்து மூடினாள். வாசலில் நின்றிருந்த சகுமா கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வண்டிக்குப் போனான். அவன் எந்த வீட்டுப் பக்கம் திரும்புகிறான் என்று உமே ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பழக்கத்தில் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஓட்டின்மேல் சடசடவென்று விழுந்தது, வழிந்தது. பேசினில் காலையில் சேர்ந்த தண்ணீர் அசையாமல் இருந்தது. உமே வீட்டுக் கூரையின் தார்ப்பாய் மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

உமே எழுந்து வந்து பேசினைத் தூக்கினாள். வாசலில் தண்ணீரைக் கொட்டினாள். யாசுயோவின் முகத்தைப் பார்க்காமல், அதைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மழையில் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.