மற்ற பதவிகள்: ஒன்று

எங்கள் நிறுவனம் வருடத்துக்கு ஒருமுறை உண்மை பேசும். இருபத்திரண்டு பக்கத்துக்குப் பேசும். 'மூலதனம், இடர் மேலாண்மை: வெளிப்படுத்தல் அறிக்கை' என்று அதற்குப் பெயர். அடுத்தவர் பணத்தை வாங்கி முதலீடு செய்கிற நிறுவனம், தன் சொந்தப் பணம் எவ்வளவு வைத்திருக்கிறது, என்னென்ன ஆபத்து வரலாம், வந்தால் என்ன செய்யும், நிர்வாகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஊரறியச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். எழுதுகிறவள் நான். எல்லோரும் எளிதில் பார்க்கும் இடத்தில் போட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எங்கள் இணையதளத்தின் அடிவாரத்தில், சாம்பல் நிறப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்தில் போட்டிருக்கிறோம். போன வருடம் அதை நான்கு முறை திறந்திருக்கிறார்கள். அதில் மூன்று முறை நான்.

நிறுவனம் என் அத்தானுடையது, அதாவது அக்காவின் கணவருடையது. ஒரு செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. வேலைக்கு ஏழு பேர், இயக்குநர்கள் மூன்று பேர்: அத்தான், அத்தானின் நண்பர், அக்கா.

நண்பர்தான் இடர் மேலாண்மைத் தலைவர். கல்லூரியில் அத்தானோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர் என்பது தகுதி. ஒவ்வொரு ஆபத்துக்கும் குறைவு, மிதம், அதிகம் என்று மூன்றில் ஒன்றை அவர் குறிக்க வேண்டும். சந்தை சரிந்தால் மிதம். கணினிக்குள் திருடன் புகுந்தால் மிதம். அத்தான் திடீரென்று போய்ச் சேர்ந்தால் நிறுவனம் என்னாகும் என்பதற்கும் மிதம். அவருக்கு மிதவாதி என்று நான் பெயர் வைத்தேன்; ஆபீஸ் முழுக்க ஒட்டிக்கொண்டது. ஒருமுறை டீ போடும் இடத்தில் ஒயர் எரிந்து வராந்தாவெல்லாம் புகை. மனிதர் அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "ரொம்பவா, சுமாராவா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா பல் டாக்டர். ஆபீஸிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவளுடைய கிளினிக். இரண்டு நாற்காலி, ஒரு நர்ஸ். பதினான்கு வருடத்துக்கு முன்னால் தனியாக ஆரம்பித்து, அதை ஒரு கம்பெனியாகப் பதிவு செய்து, அதற்கு அவளே ஒற்றை இயக்குநர். எங்கள் மாடிப்படியை அவள் இதுவரை மிதித்ததில்லை. ஆனால் அறிக்கையைக் கேட்டால், வருடத்தில் பன்னிரண்டு நிர்வாகக் கூட்டத்துக்கும் தவறாமல் வந்திருக்கிறாள், 'ஆழமான கேள்விகளை எழுப்பி' இருக்கிறாள். அந்த 'ஆழமான' என் கைவண்ணம். முதல் வருடம் அதை எழுதிவிட்டு எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பதினேழாம் பக்கத்தில் ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வொரு இயக்குநரும் வேறு எத்தனை நிறுவனங்களில் இயக்குநராக இருக்கிறார் என்று அதில் சொல்ல வேண்டும். நூறு இடத்தில் பதவி வகிக்கிறவர் எந்த இடத்தையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டார் என்பது சட்டத்தின் கவலை. அத்தானுக்கு ஒன்று, மிதவாதிக்கு இரண்டு, அக்காவுக்கு அந்தக் கிளினிக், ஒன்று. ஆறு வருடமாக இதே எண்கள்தான். நான் தேதியை மட்டும் மாற்றுவேன்.

இந்த வருடம் மேற்பார்வை ஆணையத்தின் தூக்கத்தை யார் கெடுத்தார்களோ, ஒரு சுற்றறிக்கை வந்தது. கம்பெனிப் பதிவுத் துறையின் பட்டியலில் உள்ள எண்ணிக்கையையும் பக்கத்தில் போட வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை காலை, கையில் காபியோடு, அக்கா பெயரைத் தட்டினேன். ஆறு என்று வந்தது.

அதே பெயரில் வேறு யாரோ என்று நினைத்தேன். பிறந்த தேதி அவளுடையது. முகவரி எங்கள் மூன்றாவது மாடி. கிளினிக் போக ஐந்து கம்பெனி. ஒன்று மீன்தொட்டி விற்க, ஒன்று சூரிய மின்தகடு பொருத்த, ஒன்று பழைய டயர் ஏற்றுமதி செய்ய. மற்ற இரண்டும் எதற்கென்று அவற்றுக்கே தெரியாது. நான்கு தூங்கிக்கொண்டிருந்தன. மீன்தொட்டிதான் மூன்று வருடமாகக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் இறுதி அறிவிப்பு: வெள்ளிக்கிழமைக்குள் இயக்குநர் பதில் தராவிட்டால் ஐந்து வருடத்துக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக இருக்க முடியாது. எந்தக் கம்பெனியிலும் என்றால் கிளினிக்கும்தான்.

அத்தானிடம் போனேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஒரு கஸ்டமருக்கு டைரக்டரா போட அவசரமா ஒரு பேர் தேவைப்பட்டுச்சு. உங்கக்கா பேரைக் கொடுத்தேன். அப்புறம் ஒவ்வொண்ணா சேர்ந்துடுச்சு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"கையெழுத்துப் போட்டிருக்காளே."

"என்னன்னு சொல்லிப் போட வச்சீங்க?"

"வீட்டு பேப்பர்னு சொன்னேன். இப்ப அதுக்கென்ன?"

அடியில் இருந்த இழுப்பறையைத் திறந்தார். பதிவுத் துறையின் கடிதங்கள், பிரிக்காத உறைகளாக, ஒரு கட்டு. இடர் மேலாண்மையில் சிறந்து விளங்கும் நிறுவனம் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

"நீ அட்டவணையில ஒண்ணுன்னே போடு. எவன் படிக்கறான்? இதை நான் பாத்துக்கறேன். அவகிட்ட மூச்சு விடாதே, பதறிடுவா. கையில ஊசி பிடிக்கறவ."

மனைவியின் கை நடுங்கக் கூடாது என்று எவ்வளவு அக்கறை பாருங்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மாதச் சம்பளம் வாங்குகிற தலை, எப்படி ஆடாமல் இருக்கும்?

வியாழக்கிழமை கேட்டேன். வேலையை மிதவாதியிடம் ஒப்படைத்திருப்பதாகச் சொன்னார். மிதவாதியிடம் ஓடினேன். அவர் சும்மா இருக்கவில்லை. அழகான ஒரு தாளில் கட்டம் போட்டு, மீன்தொட்டி என்று தலைப்பிட்டு, நிகழும் வாய்ப்பு மிதம், பாதிப்பு மிதம், நடவடிக்கை அடுத்த கூட்டத்தில் என்று எழுதி வைத்திருந்தார்.

"நாளைக்குக் கடைசி நாள் சார்."

"எல்லா டிபார்ட்மெண்டும் இப்படித்தான் பயமுறுத்தும்மா. கொஞ்சம் டைம் கொடுப்பாங்க."

அக்காவுக்கு அப்போதே போன் செய்திருக்கலாம். அவள் அரை நாள் கிளினிக்கை மூடிவிட்டு நேரில் போய் ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். போனைக் கையில் எடுத்தேன். அத்தானுக்கும் எனக்கும் வீண் மனஸ்தாபம் எதற்கு, அவர்தான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாரே என்று கீழே வைத்துவிட்டேன். இதைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை.

திங்கட்கிழமை காலை பட்டியலில் அக்கா பெயருக்குப் பக்கத்தில் 'தகுதி நீக்கம்' என்று இருந்தது. அதையும் இறுதி அறிவிப்பையும் அச்செடுத்துக்கொண்டு மதியம் கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டுத் தாளை வாங்கிப் படித்தாள். பதறவில்லை. "உங்க அறிக்கை எங்க, அதைக் காட்டு," என்றாள்.

நோயாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்து இருபத்திரண்டு பக்கமும் படித்தாள். அந்த அறிக்கைக்கு வாய்த்த முதல் வாசகி. பதிமூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"நான் என்னடி ஆழமான கேள்வி கேட்டேன்?"

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"எனக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கே. யாரைக் கேட்டுப் போட்டே?"

"அத்தானை."

"நான் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கேன்."

வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், வாய் கொப்பளிக்கும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த நோட்டீஸ் உனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்குத் திங்கள்," என்றாள். அதற்கு மேல் அவள் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அத்தானுக்கு அவளே போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"எல்லாம் பேப்பர்லதானே. கிளினிக்கை என் பேருக்கு மாத்திட்டா முடிஞ்சுது. நீ பாட்டுக்கு உள்ள உக்காந்து பல்லைப் பாரு."

அக்கா சிரித்தாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. போனை வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

அன்று மாலையே அட்டவணையில் அக்காவுக்கு ஆறு என்று போட்டேன். கீழே, ஐந்து பதவிகள் அவருக்குத் தெரியாமல் வாங்கப்பட்டவை, ஓர் இயக்குநரின் தகுதி நீக்கத்துக்குக் காரணம் மற்ற இரு இயக்குநர்கள், உடந்தை இந்த அறிக்கையை எழுதியவர் என்று சேர்த்து, நேராக ஆணையத்துக்கே அனுப்பிவிட்டேன். மறுநாள் முதல் நான் அந்த மாடிக்குப் போகவில்லை. மிதவாதி இந்த ஆபத்துக்கு என்ன போட்டார் என்று கேள்விப்பட ஆசைதான்.

வெள்ளிக்கிழமை அக்கா கூப்பிட்டாள். மேசையில் வக்கீல் தயாரித்த ஒன்பது பக்கம். தகுதி நீக்கத்தை எதிர்த்து மனு போட்டிருக்கிறாள். தீர்ப்பு வர ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும். அதுவரை கிளினிக்குக்கு வேறோர் இயக்குநர் இல்லையென்றால் வாசலில் அவள் பெயர்ப் பலகை தொங்க முடியாது. புது இயக்குநரை நியமிக்கிற பத்திரம்தான் அந்த ஒன்பது பக்கம்.

"உன் பேரைப் போடறேன்," என்றாள். "வேற ஆள் இல்ல."

பாசத்தில் சொன்னதில்லை என்று புரிந்தது. ஆனாலும் இவளுக்கு இப்போது எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றிருந்தது. பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடத்துக்கு நேராகப் போனேன்.

அக்கா தாளின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"படிச்சிட்டுப் போடு."

"உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்குக்கா."

"எனக்கும் இருந்துச்சு," என்றாள்.

நான் முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். வெளியே இரண்டு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்பதாவது பக்கம் வரும்வரை அவள் யாரையும் உள்ளே கூப்பிடவில்லை.