அடுத்த வருஷம் மோட்டார்

பால் பாக்கெட் வருவதற்கு முன்பே சேலையூரில் அந்தத் தெருவில் அடிபம்புச் சத்தம் கேட்டுவிடும். மற்ற வீடுகளில் எல்லாம் மோட்டார் வந்துவிட்டது. சுந்தரவல்லி மட்டும்தான் இன்னும் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவர் தோத்தாத்ரிக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. சின்ன வயதில் அப்பா திடீரென்று இறந்துபோக, அம்மாவோடு உறவினர் வீடுகளில் மாறி மாறிச் சாப்பிட்டு வளர்ந்தவர். தன் குடும்பத்துக்கு அந்த நிலை வரக்கூடாது என்று, சம்பளம் வந்த அன்றே பெரும்பகுதியை வங்கியில் போட்டுவிடுவார். சுந்தரவல்லி மோட்டார் கேட்டபோதெல்லாம் அவர் மறுக்கவில்லை; அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். மகள் மிருதுளா பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய பேச்சு அது. அவள் பொத்தேரியில் இன்ஜினீயரிங் சேர்ந்தபோது கடன் வாங்காமல் ஃபீஸ் கட்டினார். அன்று அவருக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது. சுந்தரவல்லி எப்போது கேட்பதை நிறுத்தினாள் என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

2006ஆம் வருடக் கோடையில் ஒருநாள் காலை சமையலறையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தார். கொதித்த பால் அவள் காலில் கொட்டியிருந்தது. அவள் அலறவில்லை. தரையில் பரவும் பாலைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"வலது கை மரத்துப் போச்சு. கொஞ்ச நாளாவே இப்படித்தான் ஆறது" என்றாள், வேறு யாருடைய கையைப் பற்றியோ சொல்வதுபோல.

தாம்பரத்து டாக்டர் காலுக்கு மருந்து போட்டார். கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது, கை முழுவதுமாகப் பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது, இனி பம்ப் பக்கமே போகக்கூடாது என்றார்.

அந்த வாரமே மோட்டாரும் மாடியில் தொட்டியும் வந்தன. வங்கியில் போட்டதைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அந்த வருடத்து வட்டியே போதுமானதாக இருந்தது.

குழாயைத் திறந்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் கொட்டியது. "நன்னா இருக்கு" என்றாள் சுந்தரவல்லி. அடுத்த வீட்டுக்காரர்களின் புதுக் குழாயைப் பார்த்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

வாஷிங் மெஷின் வாங்கலாமா, வேறு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே அவள் பின்னால் கொல்லைக்குப் போனார். அவள் யோசித்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் தோணலை. வேணும்னு ஆசைப்படறதே விட்டுப் போயிடுத்து."

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவள் குரலில் கோபம் இல்லை.

"நீங்க சேத்தது தப்பில்லை. ஒருத்தர்கிட்டயும் கை நீட்டாம குழந்தையைப் படிக்க வெச்சேள். ஆனா நாளைக்கு நன்னா இருக்கணும்னு சேக்கறச்சே, அதுவரைக்கும் ஆத்துல இருக்கறவா நன்னா இருக்காளான்னும் பாக்கணும் இல்லையா?"

சொல்லிவிட்டு, கொடியில் காய்ந்திருந்த துணிகளை இடது கையால் எடுக்கத் தொடங்கினாள். தோத்தாத்ரி எழுந்துபோய் மற்றவற்றை எடுத்தார்.