புண்ணில்லாத வாய்

தீர்த்தம்மாளின் வாயில் புண் எதுவும் இல்லை. அதுதான் தொந்தரவாகப் போயிற்று. புண் இருந்திருந்தால் ஊரில் யாரும் வேறு காரணம் தேடியிருக்க மாட்டார்கள்.

நாக்கு நுனியும் உதட்டின் உட்புறமும் மிளகாயைத் தேய்த்தது போல எரிந்தன. காலையில் சற்றுத் தணிந்திருக்கும். வெயில் ஏற ஏற எரிச்சலும் ஏறும். மணத்தக்காளிக் கீரையை மென்றாள். தேங்காய்ப்பாலைக் கொப்பளித்தாள். வெற்றிலையை விட்டாள், புளியை விட்டாள். ஆறிப்போன கேழ்வரகுக் களியை மோரில் கரைத்து விழுங்கினாள். ஒன்றும் கேட்கவில்லை.

பாகம் பிரித்தபோது கிணறு கொழுந்தன் சென்னப்பனின் நிலத்தில் போயிற்று. தண்ணீரில் பாதி மூத்தவனான அவள் கணவனுக்கு என்று மாமனார் சாகும்போது சொன்னார். அப்போது பக்கத்தில் இருந்தவள் அவள் மட்டும்தான். சென்னப்பன் நம்பவில்லை. மாரியம்மன் கோயிலில் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாள். தண்ணீர் கிடைத்தது. அடுத்த அறுவடைக்குள் வாய் எரியத் தொடங்கியது. பொய்ச் சத்தியம் செய்த நாக்கு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

சில வருஷம் கழித்துக் கடைசியாக, யுத்தகாலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்ஸில் கணவன் கருப்பண்ணனோடு தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான். டாக்டர் வாய்க்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார்.

"புண்ணு இல்லம்மா. நரம்பு எரிச்சலா இருக்கலாம். தீட்டு நிக்கிற வயசுல சில பேருக்கு வருது. மாத்திரை ஒண்ணு இருக்கு, சண்டையால இப்ப வர்றதில்ல. பல்லையெல்லாம் புடுங்கச் சொல்ற டாக்டருங்களும் இருக்காங்க. நான் சொல்ல மாட்டேன்."

"போயிருங்களா?"

"போகலாம். போகாமலும் இருக்கலாம்."

கொப்பளிக்கும் மருந்தைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்த நர்ஸ் லூர்துமேரியிடம் தயங்கிக் கேட்டாள். "பொய்ச் சத்தியம் பண்ணுனா இப்பிடி எரியுங்களா?"

"அப்பிடின்னா கோர்ட்டுல பாதிப் பேரு தண்ணித் தொட்டியில வாய வெச்சிக்கிட்டுத்தான் நிக்கணும், போம்மா."

தீர்த்தம்மாள் சிரித்தாள். சிரித்ததில் உதடு எரிந்தது.

ஊர் திரும்பியதும் சென்னப்பன் மனைவி சென்னம்மாள் வழியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க்கா, டாக்டரு உன் வாயில கெணத்தப் பாத்தாரா?"

"ஒண்ணுமில்லைன்னுட்டாரு."

"ஆஸ்பத்திரி மருந்தா இதுக்குக் கேக்கும்? ஆத்தாகிட்ட ஒத்துக்கோக்கா. மஞ்சத்தண்ணி குடிச்சா அடங்கிரும்."

புட்டி மருந்து தீர்ந்தது. எரிச்சல் தீரவில்லை. ஒரு மத்தியானம் அவளுக்கு எல்லாமே சலித்துப் போயிற்று. கீரை, பால், புட்டி மருந்து எல்லாம் பார்த்தாயிற்று. பார்க்காதது சென்னம்மாள் சொன்ன மஞ்சள் தண்ணீர் ஒன்றுதான். இதையும் ஒரு மருந்தாக நினைத்துக்கொண்டாள். கருப்பண்ணனிடம் சொன்னாள். அவன் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தான். இன்னொரு கட்டை உதறிப் போட்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கோயிலில் நின்றாள். "மாமனாரு அப்பிடிச் சொல்லல" என்றாள். அவள் சொன்ன முதல் பொய் அது. பூசாரி காளியப்பன் மஞ்சள் தண்ணீரைக் கையில் ஊற்றினார். குடித்தாள். நாக்கு எரிந்தது. ஊர் தலையாட்டியது.

மறுநாள் தண்ணீர் இறைக்க அவர்களுடைய முறை. ஆனால் கிணற்றில் சென்னப்பனின் மாடுகள் தண்ணீர் இறைத்தன. வாய்க்கால் அந்தப் பக்கமாகத் திரும்பி ஓடியது. இந்தப் பக்கம் கேழ்வரகுப் பயிர் வெயிலில் நின்றது. தீர்த்தம்மாள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது. எரிச்சலும், என்றும் போல, கூடவே ஏறியது.

கருப்பண்ணன் வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். இருவரும் தண்ணீர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப எப்பிடி இருக்குது?"

"அப்பிடியேதான்."

அவன் மண்கட்டி ஒன்றை எடுத்து விரலால் பொடித்தான்.

"அப்ப நீ அன்னைக்குச் சொன்னது நெசந்தானா, புள்ள?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் பாய்ந்த வருஷங்களெல்லாம் இந்தக் கேள்வி அவனுக்குள் இருந்திருக்கிறது. வேப்பமரத்தடியில் நின்றபோதும் இருந்திருக்கும். அன்று அவன் வேண்டாம் என்று சொல்லாததும் இதனால்தான்.

பதில் சொல்ல நாக்கைப் புரட்டினாள். எரிந்தது. பக்கத்தில் இருந்த மண்கலயத்தை எடுத்து ஒரு வாய் தண்ணீர் வைத்துக்கொண்டாள். விழுங்கவில்லை, துப்பவும் இல்லை. வாயில் தண்ணீர் இருக்கும்வரை எதுவும் சொல்ல வேண்டியதில்லை.