லாரி விளையாட்டு

கட்டுமானப் பொருள் கடையின் வாசலில் லாரியை நிறுத்தினால், என்ஜினை அணைக்காமலே கீழே குதிப்பது அவன் வழக்கம். சிமெண்டு மூட்டைகள் இறங்கி முடியும்வரை வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். அதன் புகைக்குழாயோ, சொல்லிவைத்தாற்போல், அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும். அந்த வீட்டில்தான் அவனுடைய அண்ணி குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தாள்.

“கொழுந்தனாரே, உங்க வண்டிக்குக் கொஞ்ச நேரம் வாயை மூடத் தெரியாதா?” என்று ஜன்னலை இழுத்துச் சாத்துவாள்.

“சும்மா சும்மா அணைச்சா என்ஜின் கெட்டுடும் அண்ணி. உங்களுக்கு இதெல்லாம் புரியாது.”

“மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டவளுக்கா புரியாது?”

மெக்கானிக் என்ற சொல் காதில் விழுந்தாலே அவனுக்குச் சுருக்கென்றிருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் பழுதானபோது, தானே மாட்டித் தருவதாக முன்வந்த அண்ணனிடம், “இதுக்கெல்லாம் ஒரு மெக்கானிக்கா?” என்று பட்டறையில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு அவனே மாட்டியிருந்தான். அன்று முதல், சூடான என்ஜினை அணைத்தால் அது மறுபடி உயிர்பெறுவதில்லை. அதனால் அவன் அணைப்பதே இல்லை. அண்ணனிடம் போய் நிற்பதைவிடத் தெருவே புகையில் மூழ்குவது அவனுக்கு உசிதமாகப்பட்டது.

ஒருநாள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு உள்ளே போனான். கடுகு என்று எல்லோரும் அழைக்கும் பொடியன், தன் முகத்தைவிடப் பெரிய முகமூடிக்குள் மூச்சு மருந்தை இழுத்துக்கொண்டிருந்தான். அவன் விலா எலும்புகள் சட்டைக்குள் ஏறி இறங்கின.

“இவன் அம்மா வேற இடம் பார்க்கலாமான்னு கேக்கறாங்க,” என்றாள் அண்ணி. “நான் என்ன சொல்லட்டும்? அணைச்சா எங்க கொழுந்தனார் வண்டிக்குக் கோவம் வரும்னு சொல்லவா?”

அவன் மற்ற பிள்ளைகளின் பக்கம் திரும்பினான். அவர்கள் லாரி விளையாடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒருத்தி ஸ்டியரிங்கைச் சுழற்றும் பாவனையில் “டர்ர்ர்” என்று ஓடினாள். சட்டையைப் பிடித்துப் பின்தொடர்ந்த வரிசை ஒரே குரலில் “லொக்கு லொக்கு” என்று இருமியது.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏன் எல்லாரும் இருமுறீங்க?”

“லாரி அப்படித்தான் மாமா போகும்!”

கடுகு முகமூடியை விலக்கித் தானும் சேர்ந்து இருமினான். அவனுடையது மட்டும் விளையாட்டாக இல்லை.

கேட்ட தண்ணீருக்குக்கூட அவன் காத்திருக்கவில்லை. வெளியே வந்து சாவியைத் திருப்பினான். தெரு திடீரென்று அமைதியானது. மூட்டை தூக்குபவர்கள் அப்படியே நின்று பார்த்தார்கள்.

“என்னண்ணே, டீசல் தீந்துபோச்சா?”

மூட்டைகள் இறங்கியதும் அவன் அஞ்சியதே நடந்தது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒலி மட்டும். கடைக்காரர் உட்பட எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். வண்டி அசைந்துகொடுத்ததே தவிரக் கிளம்பவில்லை. ஜன்னலில் பிள்ளைகளின் தலைகள் முளைத்தன.

“தள்ளுங்க, தள்ளுங்க,” என்றாள் அண்ணி. “இதுக்கெல்லாம் ஒரு மெக்கானிக்கா?”

அவன் போனை எடுத்தான். “அண்ணா... வண்டி...”

“ஸ்டார்ட்டரைக் கோணலா மாட்டியிருப்பே. தெரியும்டா. நீயா கூப்பிடட்டும்னுதான் இருந்தேன். இதோ வரேன்.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தாரு?” என்று, போனிலிருந்து வந்த உரத்த குரலைக் கேட்டிருந்த அண்ணி இடுப்பில் கைவைத்தாள். “வரட்டும். இன்னிக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்தே இருக்கு.”

அதன்பிறகு லாரி நிற்கும்போதே என்ஜினும் நின்றது. அடுத்த வாரம் காப்பகத்தின் ஜன்னல் விரியத் திறந்திருந்தது. உள்ளே விளையாட்டில் இருமல் இல்லை. முன்னால் ஓடியவள் “டக்” என்று நின்றதும், வரிசை முழுவதும் அவளைப் பின்னாலிருந்து தள்ளியது. முகமூடி இல்லாத கடுகுதான் எல்லோரையும்விட மும்முரமாகத் தள்ளினான்.

“டேய், அதான் சரி பண்ணியாச்சுல்ல? தள்ளுறதை விட்டுடுங்கடா!”

“லாரின்னா தள்ளணும் மாமா,” என்றான் கடுகு.