கடைசிவரை பார்த்தவர்கள்

1

இந்தக் கதை எனக்கு அலுவலக நேரத்தில், சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கற்பனை என்று மார்தட்டிக்கொள்ள இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

படமும் வீடியோவும் பகிர்ந்துகொள்ளும் புதிய செயலி ஒன்று வந்து மூன்று மாதம் ஆகிறது. அதைப்பற்றி ஊரார் எழுதும் கருத்துகளைப் புகார், பாராட்டு, உளறல் என்று மூன்றாகப் பிரிப்பது என் வேலை. இரண்டாவது மாடியில் ஜன்னல் திறக்க வராத ஓர் அறை, நான்கு கணினிகள், நான்கு பேர். படிக்கச் சுவையாக இருப்பது உளறல்தான். ஆனால் அறிக்கையில் அதற்கு இடமில்லை.

ஊர் கொதித்தது ஒரே விஷயத்துக்காக. இந்தச் செயலியில் நீங்கள் ஒரு வீடியோ போட்டால், அதைக் கடைசிவரை பார்த்தவர்கள் யார் யார் என்று உங்களுக்கு மட்டும் பெயரோடு ஒரு பட்டியல் தெரியும். பார்த்தவர்களுக்கு இது முதலில் தெரியாது. தெரிந்ததும் வந்தவற்றில் சில:

"மாமியார் என் டான்ஸ் வீடியோவ கடைசி வரைக்கும் பாத்திருக்காங்க. ஒரு வார்த்தை கேக்கல. அதான் பயமா இருக்கு."

"காய்ச்சல்னு லீவு சொல்லிட்டு மேனேஜர் போட்ட நாய்க்குட்டி வீடியோவ முழுசா பாத்துத் தொலைச்சேன். மறுநாள், 'காய்ச்சல் தேவலையா, குட்டி புடிச்சுதா'ன்னு கேக்குறார். மானம் போச்சு."

"எங்க வீட்டுக்காரர் என் வீடியோ ஒண்ணக்கூட கடைசி வரை பாத்ததில்லன்னு உங்க ஆப்பாலதான் தெரிஞ்சுது. ரொம்ப நன்றி. நல்லா இருங்க."

(இந்த மூன்றாவதைப் பாராட்டில் போடுவதா புகாரில் போடுவதா என்று நாங்கள் நால்வரும் அரை மணி நேரம் சண்டை போட்டோம். பிறகு தேநீர் குடிக்கப் போய்விட்டோம்.)

2

முதல் வரியாக இப்படி எழுதினேன்: 'ஒரு மழைநாளில் அவள் வீட்டைவிட்டு—'

மழை பெய்யவில்லை. நல்ல வெயில். கதையில் யார் வீட்டைவிட்டுப் போனாலும் மழையை வரவழைத்துவிடுவது என் கெட்ட பழக்கம்.

அடுத்தது: 'என் அக்கா கெட்டவள் இல்லை, ஆனால்—'

இப்படி ஆரம்பித்தால் நீங்கள் உடனே அவளைச் சந்தேகப்படுவீர்கள். நியாயம்தான்.

சரி, நடந்ததை நடந்தபடி. என் அக்கா கார் ஓட்டக் கற்றுத்தருபவள். பத்தொன்பது வருடமாக ஓட்டுபவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் அவள் மிதிப்பாள். மூன்று வருடங்களுக்கு முன்பு அவளுடைய ஒரே மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அக்கா அந்த அலுவலகத்துக்குப் போன் செய்து, "அவளுக்கு உடம்பு சரியில்ல, வர மாட்டா" என்று சொல்லிவிட்டாள். வேலை வேறொருவருக்குப் போனது. இரண்டு மாதம் கழித்து மகளுக்கு விஷயம் தெரிந்தது.

"நீ போன் பண்ணா நம்பர மாத்திடுவேன். தேடி வந்தா வீட்ட மாத்திடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அன்றிலிருந்து போன் செய்யவில்லை. மகளும் நம்பரை மாற்றவில்லை.

[பிரேக்கை வைத்து இங்கே ஓர் உவமை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். உங்களுக்கே தோன்றியிருக்கும்.]

இந்தக் கதாபாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வலுவான காரணம் ஏதாவது இருக்க வேண்டும் என்று அவளிடமே கேட்டேன்.

"பயமா இருந்துச்சுடா. அவ்ளோதான்" என்றாள்.

கதை எழுதுகிறவனுக்கு இது போதாது. அவளிடம் வேறு இல்லை.

3

புதிய செயலி வந்ததும் அக்கா தன் பயிற்சிப் பள்ளிக்காக ஒரு நிமிட வீடியோக்கள் போட ஆரம்பித்தாள். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுப்பது எப்படி, இரண்டு கார்களுக்கு நடுவே பின்னால் வந்து நிறுத்துவது எப்படி. மூன்றாவது வீடியோவின் பட்டியலில் பதினோரு பெயர்கள். ஏழாவது பெயர் அவள் மகளுடையது.

அடுத்த வீடியோவிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். பிறகுதான் ஊர் கொதித்தது. செயலி எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பியது: 'கடைசிவரை பார்த்தால் உங்கள் பெயர் தெரியும்.' அந்த வாரம் பாதிப் பெயர்கள் காணாமல் போயின.

அவள் பெயர் போகவில்லை.

"தெரிஞ்சே பாக்குறாடா" என்று அக்கா போனில் சொன்னாள். போனை வைத்துவிட்டாள். கார் ஓட்டப் பத்தொன்பது வருடத்துக்கு முன்பே கற்றுக்கொண்ட என்னைத் தவிர, அந்த வீடியோக்களைப் பார்த்து அழுதவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. இதை மறைக்கப் போவதில்லை.

4

இப்போது என் பங்கு. ஒற்றை நட்சத்திரம் போட்டு வரும் கருத்துகளை நாங்கள் திறந்து பார்ப்பதில்லை. நேரே புகாரில் போய்ச் சேரும். ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் வந்தால் வேறு வழி என்ன? அறிக்கை போன பிறகு, சரிபார்ப்பதற்காக மாதிரிக்கு நூறு புகார்களை மட்டும் படிப்போம். அந்த நூறில் ஒன்று:

"இந்த லிஸ்ட்ட தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க. என் பொண்ணு நல்லா இருக்கான்னு இத வச்சுதான் தெரிஞ்சுக்கறேன்."

ஒற்றை நட்சத்திரம். பெயருக்குப் பக்கத்தில் அக்காவின் பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக் கார் படம்.

உடனே போன் செய்தேன்.

"அக்கா, பாராட்டி எழுதிட்டு ஏன் ஒரு ஸ்டார் போட்ட?"

"பின்ன? நான் மார்க் போடறப்ப ஒரு தப்புக்கு ஒரு மார்க். கம்மியா வந்தாதான் பாஸ். சைபர் போடலாம்னு பாத்தேன், விடல. அதான் ஒண்ணு."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். என் அறிக்கை முந்தைய நாளே மேலே போயிருந்தது: கருத்து எழுதிய எல்லோரிலும் நூற்றுக்கு எண்பத்துமூன்று பேர் பட்டியலை எதிர்க்கிறார்கள். அந்த எண்பத்துமூன்றுக்குள் என் அக்காவும் இருந்தாள். மேற்பார்வையாளரிடம் போய் மாற்றச் சொன்னேன்.

"ஒண்ண மாத்தி என்ன ஆகப்போவுது சார்? எண்பத்துமூணு எண்பத்துமூணாவேதான் இருக்கும்" என்றார். மாற்றிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

பட்டியல் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எடுக்கப்படும் என்று புதன்கிழமை அறிவித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

5

கைவசம் உள்ள முடிவுகள்:

அ. மேலிடம் நான் எழுதப்போகும் இரண்டாவது அறிக்கையைப் படித்து மனம் மாறுகிறது. (என் அறிக்கையை மேலிடம் படிக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த முடிவு.)

ஆ. மகள் கார் கற்றுக்கொள்ள வந்தவளைப்போல வந்து ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்கிறாள். இருவரும் ஒன்றும் பேசாமல்— வேண்டாம். சினிமாவாகிறது. தவிர, அவளுக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும், கற்றுக்கொடுத்தவளே அக்காதான்.

இ. நான் அவளுக்குப் போன் செ—

செய்யவில்லை. அவள் மகளிடம் பேச மாட்டேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

6

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா ஒரு வீடியோ போட்டாள். வழக்கம்போல இரண்டு கார்களுக்கு நடுவே பின்னால் வந்து நிறுத்துகிறாள். வழக்கமாக அதோடு முடியும். இதில் வண்டியை அணைத்த பிறகு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"அந்த ஆபீசுக்குப் போன் பண்ணது நான்தான். உனக்கு உடம்பு சரியில்லன்னு பொய் சொன்னேன். உன் நல்லதுக்குன்னு இத்தன நாளா எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன். இல்ல, என் பயம்தான். தப்பு என்னோடது. நீ திரும்பி வரணும்னு இல்லம்மா. இத நீ கேட்டா போதும்."

ஊராரின் கருத்து உடனே வந்தது: "மேடம், ஹேண்ட் பிரேக் போட மறந்துட்டீங்க."

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போனை என் கையில் கொடுத்து, "நீயே பாரு" என்றாள். பதினொன்றரைக்கு ஒன்பது பெயர்கள். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் பதினான்கு. பன்னிரண்டுக்குப் பட்டியல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. பதினான்கில் அவள் பெயர் இல்லை.

அதன்பிறகு அந்த வீடியோவைப் பலர் பார்த்திருக்கிறார்கள். எண்ணிக்கை தெரிகிறது, பெயர் தெரிவதில்லை. அக்கா அந்த எண்ணை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறாள்.

ஆகவே இதற்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. என்னிடம் இல்லை என்பதே உண்மை. இங்கே வரை வந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வேலை முடிந்தது, போய்வாருங்கள், நன்றி.

நீயாக இருந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் இரு. மாமா சத்தியத்தை மீறவில்லை, கதைதான் எழுதியிருக்கிறேன். அந்த வீடியோவில் கார் நின்ற பிறகும் ஐம்பது விநாடி இருக்கிறது. முழுக்கப் பார். நீ பார்த்தது இனி யாருக்கும் தெரியாது. நீயாகச் சொன்னால்தான் உண்டு.