கப்பல் சேதி தெரிந்தவர்

டிராயர் மூன்றாவது முறையும் பாதியில் நின்றது. பக்தவத்சலம் இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், உள்ளங்கையால் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அசையவில்லை. நேற்று மாலை ஒற்றை விரலால் தள்ளினாலே போய் வந்த டிராயர். ராத்திரி பெய்த மழையில் படாக் மரம் ஒரு நூலளவு ஊதிவிட்டது. இந்தத் தீவில் எதுதான் ஊதவில்லை? மரம் ஊதும், தீப்பெட்டி ஊதும், மெயின்லேண்டிலிருந்து வந்து ஆறு மாதம் ஆவதற்குள் ஆபீசர்களின் தலையும் ஊதும்.

அந்த டிராயர் போட்ட மேஜை அப்படி ஓர் ஆபீசரின் மனைவிக்குத்தான். வயர்லெஸ் ஸ்டேஷனுக்குத் தலைவர் கிருஷ்ணமூர்த்தி. அவர் வீட்டம்மாவுக்குக் கண்ணாடி வைத்த அலங்கார மேஜை வேண்டும், அதுவும் படாக்கில். அதே ஸ்டேஷனில் ஆபரேட்டரான பக்தவத்சலத்தின் டெக்னீஷியன் பரீட்சை விண்ணப்பம் கிருஷ்ணமூர்த்தியின் மேஜையில் பதினெட்டு நாள் அசையாமல் கிடந்தது. "உங்க கை வேலையைப் பத்தி எல்லாரும் சொல்றாங்களே" என்று அவர் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். பக்தவத்சலம் அளவெடுக்கப் போன மறுநாளே விண்ணப்பம் கையெழுத்தாகி மெட்ராஸுக்குக் கிளம்பியது. இதை லஞ்சம் என்று யார் சொல்வார்கள்? பொழுதுபோக்கு என்றுதான் சொல்வார்கள்.

பரீட்சை திங்கட்கிழமை, மெட்ராஸில். கப்பல் வியாழக்கிழமை. இன்று புதன். சாத்தம் மரமில்லுக்குப் பின்னால், மில் மேஸ்திரி ஜம்புலிங்கம் இரவல் கொடுத்திருந்த கொட்டகையில் மூன்று நாளாக லீவு போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார் அவர். கொட்டகை வாசலில் நின்றால் ஹேடோ ஜெட்டியும் அதில் கட்டிக் கிடந்த கப்பலும் நன்றாகத் தெரிந்தன. கண்ணெதிரே நிற்கும் கப்பல் எங்கே போய்விடப் போகிறது என்று அவரும் இருந்தார்.

இந்தப் பரீட்சைக்காக அவர் ஒன்பது வருஷம் காத்திருந்தார். மெட்ராஸ் தந்தி ஆபீசில் சைக்கிளில் தந்தி கொடுக்கும் சேவகனாகச் சேர்ந்து, மோர்ஸ் எழுத்துகளை ரூம்மேட்டின் தகரப் பெட்டியில் தட்டித் தட்டிப் படித்து, அடி வாங்கி, ஆபரேட்டர் ஆகி, தீவு அலவன்ஸ் கிடைக்கும் என்று போர்ட்பிளேருக்கு வந்தவர். வந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மோர்ஸ் கீயைத் தட்டலாம், ஆனால் வயர்லெஸ் செட்டின் மூடியைத் திறக்கக்கூடாது. மூடிக்குள்ளே என்ன நடக்கிறது என்பது அவருக்கு டெக்னீஷியனைவிட நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன? அதற்குப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், முப்பத்தைந்து வயதுக்குள். வரும் மார்ச்சில் அவருக்கு முப்பத்தைந்து முடிகிறது. அடுத்த பரீட்சை அதற்கப்புறம்தான்.

அவர் வேலை என்னவென்று ஊரில் ஒருவருக்கும் புரிந்ததில்லை. வயர்லெஸ்காரர் என்றால் ஓடாத ரேடியோவையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "பாட்டு வரல பாய்சாப், சும்மா கர்ர்ருங்குது, ஒரு கை பாருங்க" என்பார்கள். கடைத்தெருவில் போனால் பெங்காலி, மலையாளி, தெலுங்கர், தமிழர் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "ஜஹாஜ் கப் ஆயேகா?" கப்பல் எப்போது வரும்? ஒன்பது வருஷமாக இதற்குப் பதில் சொல்லியே அவருக்கு நாக்கு வறண்டது. அரிசி, வெங்காயம், கடிதம், மாமியார் எல்லாம் கப்பலில்தான் வரும். கப்பலின் சேதியோ அவர் காதில்தான் முதலில் விழும்.

மரம் ஒன்றுதான் அவரிடம் எதையும் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ உளியை எடுத்தால் நேரம் போவதே தெரியாது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது மனைவி அலமு கேட்டாள்.

"ஏங்க, அந்தம்மா மூஞ்சி பாக்கறதுக்கு டிராயர் எதுக்குங்க ஓடணும்? பெட்டி கட்டணும், துணி மடிக்கணும், நீங்க படிக்கவும் இல்ல."

"படிச்சதெல்லாம் போதும். நாளைக்கு ஒரு நாள்தான்."

"ஆபீசரு உங்கள ஏய்க்கறாருன்னு நெனச்சுக்கினு இருந்தேன். இல்ல. நீங்களேதான் ஆசையா போய் ஒக்காந்துக்கறீங்க."

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வரும் கோபம். மேஜை நேற்று மாலையே முடிந்துவிட்டது. ஆறு மணிக்கு கிருஷ்ணமூர்த்தி மனைவியோடு வந்து தடவிப் பார்த்து, "போறதுக்கு முன்னாடி முடிச்சிடுவீங்கல்ல?" என்று கேட்டார். "முடிச்சிட்டுத்தான் சார் கப்பல் ஏறுவேன்" என்றார் இவர். அந்த அம்மா, "ரொம்ப நல்லாருக்கு, இதுவே போதும்" என்றாள். இதுவே போதுமாமே! மூன்றாவது கோட் பாலிஷ் அடிக்காமல் எப்படிப் போதும்? லீவிலும் தினம் சாயங்காலம் ஸ்டேஷனில் தலை காட்டிவிட்டு வரும் பக்தவத்சலம், நேற்று பாலிஷ் காயக் காத்திருந்து நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

காலையில் மூன்றாவது கோட் அடித்த பிசுக்குக் கையோடு இப்போது டிராயரை ஒருவழியாகப் பிடுங்கி எடுத்து, விளிம்பில் இழைப்புளி போட்டார். சுருள் சுருளாகச் சிவப்புச் சீவல் விழுந்தது. உள்ளே தள்ளினார். போனது. இழுத்தார். வந்தது. அடடா என்று அவர் வாயைத் திறந்தபோதுதான் கப்பல் ஊதியது.

பழக்கமான சத்தம்தான். நிமிர்ந்து பார்த்தார். ஜெட்டிக்கும் கப்பலுக்கும் நடுவில் தண்ணீர் தெரிந்தது.

கையில் இழைப்புளியோடு சாத்தம் பாலத்தைத் தாண்டி ஓடினார். எதிரே வந்த லாரிக்காரன் திட்டியது காதில் விழவில்லை. ஹேடோ கேட்டில் துறைமுகப் பியூன் சாகுல் ஹமீது அறிவிப்புப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் ஈரத் துணி அவன் கையிலேயே நின்றது.

"சார், நீங்க கப்பல்ல இல்லையா?"

"கப்பல் நாளைக்கில்லப்பா!"

"புயல் வருதுன்னு ஒரு நாள் முன்னாடி எடுத்துட்டாங்க சார். நேத்து அஞ்சரைக்கே சேதி வந்துருச்சு. நானு சைக்கிள்ல வீடு வீடாப் போயி சொன்னேன்."

"என் வீட்டுக்கு ஏன் வரல?"

சாகுல் ஹமீது நிஜமாகவே குழம்பிப்போனான். "உங்க வீட்டுக்கா? சேதி வர்றதே உங்ககிட்டதான சார்? ஜஹாஜ் பத்தி உங்களுக்குப் போயி நான் சொன்னா ஊரே சிரிக்காது?"

அவனை அடிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடித்து என்ன? அவன் சொன்னதில் எந்த இடத்தில் தப்பு என்று அவருக்கே தெரியவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

ஸ்டேஷன் மேட்டின் மேலே இருந்தது. ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடி சிவஞானம் திரும்பிப் பார்த்து எழுந்தேவிட்டான். இரண்டு வருஷ ஜூனியர், தூத்துக்குடிப் பக்கம்.

"அண்ணாச்சி! நீங்க போகலியா?"

"நேத்து கப்பல் சேதி எடுத்தது நீதானே?"

"ஆமா."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஆபீசர் ஆறு மணிக்கு உங்களப் பாக்கத்தான வந்தாரு? அவர் கையிலதான் சேதிய குடுத்தேன். அவர் சொல்லாமலா இருப்பாருன்னு..."

ஆபீசர், சிவஞானம் சொல்லியிருப்பான் என்று நினைத்திருப்பார். சாகுல், ஸ்டேஷனில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தான். அண்டை வீட்டார், வயர்லெஸ்காரருக்குச் சொல்வதாவது என்று நினைத்தார்கள். எல்லோரும் அவர்மேல் வைத்திருந்த மரியாதையை நினைத்தால் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அடுத்த கப்பல் பதினாறு நாள் கழித்து. பதினாறு நாள் கழித்துப் பரீட்சை ஹாலில் நாற்காலி அடுக்கி வைத்திருப்பார்கள்.

"பைலட்டத் திருப்பிக் கூட்டியார லாஞ்ச் படகு இன்னும் கெளம்பல. ராஸ் தீவு தாண்டுறதுக்குள்ள புடிச்சிரலாம். நான் துறைமுக மாஸ்டர்கிட்டப் போயி கால்ல விழுதேன், நீங்க ஒக்காருங்க" என்று சிவஞானம் ஹெட்போனை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினான். லாஞ்ச் எந்த வேகத்தில் போகும், கப்பல் எந்த வேகத்தில் போகும் என்று பக்தவத்சலத்துக்குத் தெரியும். அதை அவனிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் புகை மட்டும் தெரிந்தது.

ஹெட்போன் கூப்பிட்டது. கப்பல்தான்.

கைக்குப் பழக்கம். உட்கார்ந்தார், பதில் தட்டினார், சேதி எழுதும் ஃபாரத்தை இழுத்துப் போட்டுப் பென்சிலை எடுத்தார். அந்தக் கப்பலின் ஆபரேட்டரை அவர் நேரில் பார்த்ததில்லை. மோர்ஸ் கோடுகளைக் கொஞ்சம் இழுத்துத் தட்டுகிற ஆள். இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிக்கலாம் என்று போன மாதமே பேசி வைத்திருந்தார்கள். இப்போது அரட்டை இல்லை, முறையான சேதி. துறைமுக மாஸ்டருக்கு. நாற்பத்தேழாம் பெர்த் பயணி ஏறவில்லை. பெர்த்தை வேறொருவருக்குத் தரலாமா, உறுதி செய்யவும். பயணியின் பெயர், என்று சொல்லிவிட்டு எழுத்து எழுத்தாக வந்தது.

நீளமான பெயர். அவர் ஓர் எழுத்தும் விடாமல் எடுத்தார். பெற்றுக்கொண்டேன் என்று தட்டினார். அவர் தட்டும் விதம் அந்த ஆளுக்கும் பழக்கம். பிறகு, விதிக்குப் புறம்பாக, இரண்டே வார்த்தை வந்தது: நீதானா அது?

அவர் கை கீயின் மேல் இருந்தது. நகக்கண்களில் படாக்கின் சிவப்பு. வெளியே மேட்டுப் பாதையில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. சிவஞானமாக இருக்கும், இல்லை சேதி வாங்க வரும் சாகுலாக இருக்கும். யாராயிருந்தாலும் ஃபாரத்தில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. அடியில், சேதியைப் பெற்ற ஆபரேட்டர் என்ற இடத்தில், அவர் தன் பெயரை முழுசாக எழுதினார். மேலே பயணியின் பெயரில் அவர் கட்டைவிரல் பட்ட இடத்தில் அரக்குப் பாலிஷ் ஒட்டிக்கொண்டிருந்தது. காதில் கப்பல் இன்னொரு தரம் கூப்பிட்டது.